ஆல் பிளாக்ஸ் 1924–25: ‘வெல்ல முடியாதவர்கள்’ பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரக்பி உலகக் கோப்பை தொடங்கும் இரவில் நடுவர் ஊதும் பழைய விசிலைப் பற்றி நண்பர்கள் சிலரிடம் ஒருமுறை சொல்லப்போக, அதிலிருந்து எனக்கு ஓய்வே இல்லை. விசிலில் தொடங்கும் பேச்சு நேப்பியா என்ற ஆட்டக்காரருக்குப் போகும், நேப்பியாவிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகும், கடைசியில் யாராவது ஒருவர் “இவ்வளவும் நிஜமா?” என்பார். ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் பத்து விதமாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

இது எந்த அணி, எங்கே போன பயணம்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

நியூசிலாந்து தேசிய ரக்பி அணி 1924 ஜூலை இறுதியில் கப்பலேறி, பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், கனடா ஆகிய நாடுகளில் 32 ஆட்டங்கள் ஆடி, 32இலும் வென்று 1925 மார்ச்சில் ஊர் திரும்பியது. எடுத்த புள்ளிகள் 838, கொடுத்தவை 116. இதனால் அந்த அணிக்கு ‘இன்வின்சிபிள்ஸ்’, அதாவது ‘வெல்ல முடியாதவர்கள்’ என்ற பெயர் நிலைத்தது.

ஆட்டக்காரர்கள் 29 பேர். அணித்தலைவர் கிளிஃப் போர்ட்டர், மேலாளர் ஸ்டான் டீன். அப்போது நியூசிலாந்தின் மொத்த மக்கள்தொகை பதினான்கு லட்சத்துக்கும் குறைவு. முதல் உலகப் போரில் அந்தச் சின்ன நாடு சுமார் 18,000 பேரைப் பறிகொடுத்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்த அணியிலேயே போர்க்களம் கண்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

எனக்கு ரக்பியே தெரியாது. கால்பந்து மாதிரியா, கபடி மாதிரியா?

இரண்டும் கொஞ்சம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி மட்டும் வீசக் கூடாது. எதிரணியினர் உங்களைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள். பிடியை உதறிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘டிரை’. கபடியில் பாடிப்போய்ப் பிடியில் சிக்கியவர் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து ஊர்ந்து கையை நீட்டுவாரே, அந்தத் தவிப்பு உங்களுக்குப் புரியுமென்றால் ரக்பியில் பாதி புரிந்துவிட்டது.

கீழே வரும் ஸ்கோர்களைப் படிக்க ஒரு குறிப்பு. அந்தக் காலத்தில் டிரைக்கு 3 புள்ளிகள்தான் (இன்று 5). டிரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. பெனால்டி உதைக்கு 3. ஆகவே 30 புள்ளி என்பது அன்றைக்கு மிகப் பெரிய வெற்றி. இன்னொன்று, மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. ஒருவர் காயப்பட்டு வெளியேறினால் மிச்சமுள்ளவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

‘ஆல் பிளாக்ஸ்’ என்றால் எல்லோரும் கறுப்பினத்தவர்களா?

இல்லை. உடை கறுப்பு, அவ்வளவுதான். கறுப்புச் சட்டை, மார்பில் வெள்ளிப் பெரணி இலை. 1905இல் பிரிட்டனுக்குப் போன முதல் பெரிய அணியின் காலத்தில் பத்திரிகைகள் வழியாக இந்தப் பெயர் பரவியது. ‘எல்லோரும் பின்வரிசைக்காரர்கள் (‘ஆல் பேக்ஸ்’) மாதிரி ஓடுகிறார்கள்’ என்று ஒரு நிருபர் எழுதியது அச்சுப்பிழையால் இப்படி ஆனது என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் ஆதாரமில்லை.

1924 அணியில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நியூசிலாந்தின் மண்ணின் மக்களான மாவோரிகளும் இருந்தார்கள்: ஜார்ஜ் நேப்பியா, ஜிம்மி மில், லூயி பைவாய். இவர்களில் முதல் இருவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எப்படிப் போனார்கள்? எட்டு மாதம் வேலைக்கு யார் விடுப்புக் கொடுத்தது?

வெலிங்டனில் ‘ரெமுவேரா’ என்ற கப்பலில் ஏறினார்கள். பசிபிக்கைத் தாண்டி, பனாமா கால்வாய் வழியாக, செப்டம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஐந்து வாரக் கடல். மேல்தளத்தில் உடற்பயிற்சியும் பந்துப் பழக்கமும் நடந்தன. இறங்கியதும் டெவன் மாவட்டத்தில் நியூட்டன் அபட் என்ற சிறு நகரில் தங்கி, கடல் ஆட்டம் தெளிந்து, செப்டம்பர் 13 அன்று முதல் ஆட்டத்தில் இறங்கினார்கள்.

சம்பளம் கிடையாது. ரக்பி அன்று கண்டிப்பான அமெச்சூர் விளையாட்டு. ஆடக் காசு வாங்கினால் ஆயுள் தடைதான். பயணச் செலவும் தங்குமிடமும் சங்கத்தின் பொறுப்பு, கைச்செலவுக்குச் சில்லறை. பண்ணையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி இருந்தவர்களும் இரக்கமுள்ள முதலாளி வாய்த்தவர்களும்தான் இப்படிப் போக முடியும். இந்த ‘காசு கூடாது’ விதி இந்தக் கதையில் இரண்டு இடங்களில் மறுபடியும் தலைகாட்டும்.

உண்மையிலேயே ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லையா? நம்ப முடியவில்லையே.

பயணத்தில் தோற்கவில்லை. அதற்கு முன் தோற்றார்கள். கப்பலேறுவதற்குமுன் ஒத்திகைபோல ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நடை போய்வந்தார்கள். அங்கே சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் அணியிடம் முதல் ஆட்டத்தையே இழந்தார்கள். ஊர் திரும்பியதும் ஆக்லாந்து மாகாண அணியிடம் 14–3 என்று அடி வாங்கினார்கள். அதற்குள் அணித் தேர்வே முடிந்துவிட்டது. சொந்த ஊர் மாகாணத்திடமே தோற்றவர்களா பிரிட்டனை வெல்லப்போகிறார்கள் என்று உள்ளூரிலேயே முணுமுணுப்பு.

பிரிட்டனில் முதல் ஆட்டமும் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. 1905 அணி தன் முதல் ஆட்டத்தில் டெவன் மாவட்டத்தை 55–4 என்று நொறுக்கியிருந்தது. இவர்கள் அதே டெவனை 11–0 என்று வென்றார்கள். அடுத்து கார்ன்வாலை 29–0. பிறகு சாமர்செட் 6–0, கிளாஸ்டர்ஷயர் 6–0. வெற்றிதான், ஆனால் ‘அண்ணன்மார்களுக்கு ஈடில்லை’ என்று சொல்ல இந்த ஸ்கோர்களே போதுமாக இருந்தன. ‘வெல்ல முடியாதவர்கள்’ என்ற பெயர் பயணத்தின் முடிவில் கிடைத்தது. தொடக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த ஆட்டத்தில் தோல்வியின் விளிம்புக்குப் போனார்கள்?

நியூபோர்ட். வேல்ஸ் எல்லையோர நகரின் கிளப் அணி அது. ஆட்டம் முடியும் தறுவாயில் நியூபோர்ட் 10–8 என்று முன்னணியில் இருந்தது. கடைசி நிமிடங்களில் ‘ஸ்னோயி’ என்று அழைக்கப்பட்ட ஸ்வென்சன் ஒரு டிரை போட, மார்க் நிக்கல்ஸ் அதை உதைத்துச் சேர்க்க, 13–10. அன்றைக்கு அந்த ஓட்டம் தடைப்பட்டிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை 5–0 என்றும், லனெல்லி கிளப்பை 8–3 என்றும் வென்றதும் மூச்சுமுட்டிய வெற்றிகள்தாம். மறுபக்கம், டர்ஹம் 43–7, யார்க்ஷயர் 42–4, கம்பர்லாந்து 41–0 என்று வடக்கு மாவட்டங்களைத் துவைத்துப் போட்டார்கள். வடக்கின் நல்ல ஆட்டக்காரர்களில் பலர் காசு தரும் ரக்பி லீக் என்ற தனி ஆட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நாடுகளுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டங்கள் எத்தனை? முடிவுகள்?

நான்கு. நவம்பர் 1, டப்ளினில் அயர்லாந்து: 6–0. நவம்பர் 29, சுவான்சியில் வேல்ஸ்: 19–0. 1925 ஜனவரி 3, லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து: 17–11. ஜனவரி 18, துலூஸில் பிரான்ஸ்: 30–6. நான்கு டெஸ்டிலும் டிரை போட்டவர் ஒருவர் உண்டு, மேலே சொன்ன ஸ்வென்சன்தான். இத்தனைக்கும் அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. எல்லாப் புகழையும் நேப்பியா எடுத்துக்கொண்டுவிட்டார்.

கனடாவில் ஆடியவை டெஸ்ட் அல்ல. வான்கூவரில் 49–0, விக்டோரியாவில் 68–4. கடல் கடந்து, ரயிலில் ஒரு கண்டத்தையே கடந்து, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஆடிய ஆட்டங்கள்.

வேல்ஸை வென்றதைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பெருமை?

பத்தொன்பது ஆண்டுப் பழைய கணக்கு அது. 1905 அணி அந்தப் பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் 34இல் வென்றது. தோற்றது ஒன்றே ஒன்று: டிசம்பர் 16, கார்டிஃபில் வேல்ஸிடம், 3–0. அந்த ஆட்டத்தில் பாப் டீன்ஸ் என்ற இளைஞர் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாரா, கோட்டுக்கு முன்பே மடக்கப்பட்டாரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. பந்தை வைத்த பிறகு வேல்ஸ்காரர்கள் தன்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள் என்பது டீன்ஸின் கட்சி. சற்றுப் பின்தங்கி ஓடிவந்த ஸ்காட்லாந்து நடுவர் ஜான் டல்லஸ் டிரை இல்லை என்றார். டீன்ஸ் 1908இல், 24 வயதில், குடல்வால் நோயால் இறந்துபோனார். வழக்கு மட்டும் சாகவில்லை.

ஆகவே 1924இல் சுவான்சி மைதானத்தில் இறங்கியவர்களுக்கு அது வெறும் ஆட்டமல்ல, தந்தைமார் விட்டுப்போன கடன். நான்கு டிரைகள் போட்டுக் கடனை அடைத்தார்கள். பில் இர்வின் மட்டும் இரண்டு. 19 ஆண்டுக்கு 19 புள்ளிகள், ஆண்டுக்கு ஒன்று வீதம் வட்டி வசூல் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நேப்பியா, நேப்பியா என்கிறார்களே, அவர் அப்படி என்ன செய்தார்?

வயது 19. ஹாக்ஸ் பே பக்கத்து மாவோரி இளைஞர், நுஹாகா ஊர்க்காரர். தந்தை அனுப்ப நினைத்தது டே ஆட்டே என்ற பேர்பெற்ற மாவோரிப் பள்ளிக்கு. மகன் போய்ச் சேர்ந்ததோ மோர்மன் திருச்சபை நடத்திய மாவோரி விவசாயக் கல்லூரிக்கு. அங்கே இருந்த ஓர் அமெரிக்க ஆசிரியரிடம் அமெரிக்கக் கால்பந்து பாணியில் பந்தைச் சுழற்றி நெடுந்தூரம் உதைக்கவும், ஓடிவருபவரின் மேல் பாய்ந்து சாய்க்கவும் கற்றுக்கொண்டார். கீழ்ப்படியாமையால் விளைந்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

அவர் ஆடியது ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்கும் கடைசிக் காவல். எதிரணி எல்லோரையும் தாண்டி வந்துவிட்டால் இவர் ஒருவர்தான். ஸ்காட்டிய, ஐரிஷ், ஆங்கில முன்வரிசைக்காரர்கள் கூட்டமாகப் பந்தைக் காலால் தட்டிக்கொண்டு வருவது அன்றைய பயங்கரமான ஆயுதம். அந்தக் கால்களின் நடுவே தலைகுப்புறப் பாய்ந்து பந்தைப் பறித்து, அதே வேகத்தில் எழுந்து உதைத்துவிடுவார் நேப்பியா.

இதெல்லாம் ஒரு பக்கம். என்னை வாயடைக்கச் செய்வது வேறு. 32 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். ஒன்றைக்கூட விடவில்லை. மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலம் என்று முன்பே சொன்னேன். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், சேறு, குளிர், மேலே வந்து விழும் பெரும் உடல்கள். அணியில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை.

அவர்கள் ஆடிய ஹாக்கா இப்போது தொலைக்காட்சியில் பார்க்கும் அதே ‘கா மாத்தே’தானா?

இல்லை. ஹாக்கா என்பது ஆட்டத்துக்கு முன் அணியினர் ஆடும் மாவோரி முழக்க நடனம். இந்தப் பயணத்துக்கென்றே புதிதாக ஒன்று கட்டப்பட்டது. ‘கோ நியூ டிரெனி’ என்பார்கள். ‘நியூ டிரெனி’ என்பது நியூசிலாந்து என்பதன் மாவோரி உச்சரிப்பு. கப்பலில் உடன்வந்த இரண்டு ஆதரவாளர்கள் பயணத்தின்போது அதை இயற்றினார்கள். ஆட்டம் தொடங்கும் முன் நேப்பியா முன்னின்று நடத்துவார். பயணத்தோடு அதன் புழக்கமும் குறைந்தது. மூத்த ‘கா மாத்தே’ மறுபடி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஒருவரை வெளியே அனுப்பினார்களாமே. என்ன நடந்தது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். 1925 ஜனவரி 3, ட்விக்கன்ஹாம். ஏறத்தாழ 60,000 பேர், வேல்ஸ் இளவரசரும் வந்திருக்கிறார். நியூசிலாந்து அதுவரை தோற்கவில்லை. இங்கிலாந்தும் சாதாரண அணி அல்ல. வேவல் வேக்ஃபீல்ட் தலைமையில் நிற்கும் அந்த அணி 1923, 1924 இரண்டு ஆண்டுகளிலும் தன் வட்டாரத்து நாடுகள் எல்லாவற்றையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்த அணி. இரண்டு பக்கமும் முதல் நிமிடத்திலிருந்தே பந்தைவிட ஆளைத்தான் தேடின.

நடுவர் ஆல்பர்ட் ஃப்ரீத்தி, வேல்ஸ்காரர். கைகலப்பு எழ எழ ஆட்டத்தை நிறுத்திப் பொதுவாக எச்சரித்தார். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு, அடுத்து யார் தப்பு செய்தாலும் வெளியேதான் என்பது அவர் நிலை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் நியூசிலாந்தின் சிரில் பிரவுன்லி மாட்டினார். கீழே கிடந்த ஆங்கில ஆட்டக்காரரை உதைத்தார் என்பது ஃப்ரீத்தியின் கூற்று. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எதுவும் அப்போது இல்லை. கையைக் காட்டினார், அவ்வளவுதான். ஆறடிக்கு மேற்பட்ட அந்த மனிதர் தலைகுனிந்து தனியாக நடந்து வெளியேறினார். சர்வதேச ரக்பியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

மீதி எழுபது நிமிடமும் பதினான்கு பேர். அதிலும் வென்றார்கள். சிரிலின் தம்பி மாரிஸ் பிரவுன்லி அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பற்றி நியூசிலாந்தில் பேசாத தலைமுறை இல்லை. ஆங்கிலேயர்கள் மேலே தொங்கிக்கொண்டிருக்க, அவர்களையும் சுமந்துகொண்டே கோட்டைத் தாண்டி ஒரு டிரை போட்டார். ஒரு கட்டத்தில் நியூசிலாந்து 17–3 என்று முன்னே நின்றது. களைத்த கால்களை இங்கிலாந்து கடைசியில் துரத்தி 17–11 வரை வந்தது.

பிரவுன்லி உண்மையில் குற்றவாளியா, பலிகடாவா?

அவர் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நடுவர் கிட்டே நின்று பார்த்திருக்கிறார். ஆனால் அவர் மட்டும் செய்தார் என்றும் சொல்லமாட்டேன். நியூசிலாந்துக்காரர்களின் வாதம், ஆங்கிலேய முன்வரிசைதான் வம்பைத் தொடங்கியது என்பது. குறிப்பாக ரெக் எட்வர்ட்ஸ் என்பவரைச் சுட்டுவார்கள். அந்த எட்வர்ட்ஸை இங்கிலாந்து அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அவரவர் விருப்பப்படி பொருள்கொள்ளலாம்.

ஃப்ரீத்திமீது ஓரவஞ்சனைக் குற்றம் சாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘அடுத்தவர் யாரானாலும்’ என்று அறிவித்த பிறகு அந்த ‘அடுத்தவர்’ எந்தச் சட்டையில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குறை விதியில் இருந்தது: எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவாம், தண்டனை மட்டும் ஒருவருக்காம்.

ஒரு கொசுறுத் தகவல். ஆல் பிளாக்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் டெஸ்ட் ஆட்டத்தில் அடுத்து வெளியேற்றப்பட்டது 1967இல்தான். அவர் காலின் மீட்ஸ்.

உலகக் கோப்பையில் ஊதும் விசில் இதே ஆட்டத்தில் ஊதியதா?

ஆமாம், என்னை இந்த வம்பில் மாட்டிவிட்ட விசில் அதுதான். 1905இல் இங்கிலாந்து–நியூசிலாந்து ஆட்டத்தை நடத்திய வேல்ஸ் நடுவர் கில் எவன்ஸ் வைத்திருந்தது. பிறகு ஃப்ரீத்தி கைக்கு வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் ரக்பி இறுதியாட்டத்திலும் அவர் அதைத்தான் ஊதினார். அதில் அமெரிக்கா பிரான்ஸை 17–3 என்று வென்றது. அடுத்த ஆண்டு ட்விக்கன்ஹாமில் பிரவுன்லியை நிறுத்தியதும் அதே ஊதல்.

பின்னர் மேலாளர் ஸ்டான் டீன் மூலமாக நியூசிலாந்து சென்று, பால்மர்ஸ்டன் நார்த் நகரிலுள்ள ரக்பி அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. உலகக் கோப்பை தொடங்கும்போது மட்டும் வெளியே வரும். தங்கள் ஆளை முதன்முதலாக வெளியே அனுப்பிய விசிலை நியூசிலாந்துக்காரர்களே பொக்கிஷமாக வைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

போர்ட்டர்தான் தலைவர் என்றீர்கள். ஆனால் இங்கிலாந்து ஆட்டப் படத்தில் அவரைக் காணோமே?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று டெஸ்டிலும் தலைமை தாங்கியவர் துணைத்தலைவர் ஜாக் ரிச்சர்ட்சன். போர்ட்டர் ஆடியது பிரான்ஸ் டெஸ்டில் மட்டும். காயத்தால் விலகியிருந்த நேரத்தில் அவருடைய இடத்தில் ஜிம் பார்க்கர் பிரமாதமாக ஆடிவிட்டார். தேறி வந்த பிறகும் பெரிய ஆட்டங்களில் பார்க்கரே நீடித்தார். இங்கிலாந்துக்கு எதிராகப் பார்க்கர் ஒரு டிரையும் போட்டார். தலைவர் என்பதற்காக இடத்தைப் பிடித்துவைக்காத அணி. நம் ஊர் விளையாட்டுச் சங்கங்களை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.

போர்ட்டரும் பார்க்கரும் ஆடிய ‘விங் ஃபார்வர்ட்’ இடம் ஏமாற்று வேலை என்கிறார்களே, அது சரியா?

மற்ற நாடுகள் ஸ்க்ரம் என்னும் தள்ளுமுள்ளுக்கு எட்டுப் பேரை நிறுத்தின, முன்வரிசையில் மூவர். நியூசிலாந்து ஏழு பேரை நிறுத்தியது, இரண்டு–மூன்று–இரண்டு என்று, வைரக்கல் வடிவில். இரண்டு தலைகள் மட்டும் முன்னே இருப்பதால் அழுத்தம் ஒரே புள்ளியில் குவிந்து, ஆப்பு இறங்குவதுபோல இறங்கும். மிச்சமான எட்டாவது ஆள்தான் விங் ஃபார்வர்ட். பந்தை ஸ்க்ரமுக்குள் போடுவது அவர் வேலை. போட்டுவிட்டு அங்கேயே ஓரமாக நிற்பார். தன் அணியில் ஸ்க்ரமுக்குப் பின்னால் நிற்பவரிடம் பந்து வரும்போது எதிரணிக்காரர் அவரை எட்டவிடாமல் இவர் உடம்பு குறுக்கே இருக்கும். தற்செயலாகத்தான்!

விதிப் புத்தகத்தின் எழுத்தை மீறினாரா என்றால் பெரும்பாலும் இல்லை. அதன் நோக்கத்தை மீறினாரா என்றால் ஆமாம். 1930இல் நியூசிலாந்துக்கு வந்த பிரிட்டிஷ் அணியின் மேலாளர் பேக்ஸ்டர் வெளிப்படையாகவே அதை ஏமாற்று என்றார். சில ஆண்டுகளில் முன்வரிசையில் மூவர் கட்டாயம் என்று விதி வந்தது. வைரமும் போயிற்று, விங் ஃபார்வர்டும் போனார். அதன்பின் ஸ்க்ரமில் நியூசிலாந்து நெடுங்காலம் திணறியதைப் பார்த்தால், அந்த ஏற்பாட்டால் அவர்களுக்கு எவ்வளவு ஆதாயம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

டெஸ்ட் பட்டியலில் ஸ்காட்லாந்து இல்லையே, பயந்துவிட்டார்களா?

பயமில்லை, கோபம். இதற்கும் வேர் 1905இல் இருக்கிறது. அப்போது வந்த நியூசிலாந்து அணிக்கு ஒரு நிச்சயத் தொகை தர ஸ்காட்லாந்து சங்கம் மறுத்து, ‘வசூலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றது. கூட்டம் அலைமோத, வசூல் கேட்டதைவிடப் பல மடங்கு ஆகிவிட்டது. அந்த எரிச்சலோடு, நியூசிலாந்து வீரர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் படி தரப்பட்டது தெரியவந்தது. படி என்றாலும் காசு காசுதானே, அமெச்சூர் தர்மம் என்னாவது என்று ஸ்காட்லாந்து சங்கம் கொதித்தது. 1924 பயணத்தை மற்ற நாடுகளைக் கலக்காமல் இங்கிலாந்து சங்கம் ஏற்பாடு செய்ததும் சேர்ந்துகொள்ள, ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் விதியின் விளையாட்டு என்னவென்றால், அந்த 1925இல் ஐரோப்பாவிலேயே சிறந்த அணி ஸ்காட்லாந்துதான். பிரான்ஸ், வேல்ஸ் இரண்டுக்கும் எதிராக ஐயன் ஸ்மித் தலா நான்கு டிரைகள் போட்டார். மார்ச் 21 அன்று எடின்பரோவில் புத்தம்புது மரேஃபீல்ட் மைதானத்தைத் திறந்துவைத்து, இங்கிலாந்தை 14–11 என்று வென்று, தங்கள் முதல் கிராண்ட் ஸ்லாமை எடுத்தார்கள். அப்போது நியூசிலாந்துக்காரர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே ‘வெல்ல முடியாதவர்கள்’ என்ற பட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மோதவேண்டிய ஆளோடு மோதவில்லை. அது அவர்கள் தப்பில்லை என்பது வேறு விஷயம்.

மரேஃபீல்டில் அன்று கைமாறிய கோப்பை நம் நாட்டில் பிறந்தது, தெரியுமா? கல்கத்தா கால்பந்துக் கிளப் 1870களின் இறுதியில் மூடப்பட்டபோது, வங்கியிலிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கல்கத்தா கோப்பை அது. கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகத்தான் அடித்துக்கொள்கின்றன.

1905 அணி பெரியதா, 1924 அணி பெரியதா?

எண்களை மட்டும் வைத்தால் மூத்தவர்கள்: 35 ஆட்டத்தில் 976 புள்ளிகள், கொடுத்தது 59 மட்டுமே. அவர்கள் ஸ்காட்லாந்தோடும் ஆடினார்கள், வென்றார்கள். ஆனால் 1905இல் பிரிட்டனுக்கு நியூசிலாந்துப் பாணியே புதிது. திகைத்து நின்றவர்களை வென்றார்கள். 1924இல் எல்லோரும் இவர்களுக்காகத் தயாராகக் காத்திருந்தார்கள். என் ஓட்டு இளையவர்களுக்கு, அதுவும் ட்விக்கன்ஹாமின் எழுபது நிமிடத்துக்காக. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதிகம், அவர்களிடம் 59 என்ற எண் இருக்கிறது.

அவ்வளவு பெரிய நேப்பியா 1928இல் தென்னாப்பிரிக்கா போன அணியில் ஏன் இல்லை?

மாவோரி என்பதால். சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு இணங்கி, நியூசிலாந்துச் சங்கம் வெள்ளையர்களை மட்டுமே அனுப்பியது. நேப்பியாவும் ஜிம்மி மில்லும் வீட்டில் இருந்தார்கள். தலைவராகப் போனவர், ட்விக்கன்ஹாமின் நாயகன் மாரிஸ் பிரவுன்லி. நான்கு டெஸ்டில் இரண்டுக்கு இரண்டு என்று சமன். நேப்பியா இருந்திருந்தால் என்று நியூசிலாந்தில் பேசாதவர்கள் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 1919இல் போர் முடிந்து திரும்பும் வழியில் நியூசிலாந்து ராணுவ அணி தென்னாப்பிரிக்காவில் ஆடப் போனபோது, கரீபிய ரத்தம் கலந்த நதானியல் வில்சன் என்ற ஆட்டக்காரர் கரையிறங்கக்கூட அனுமதிக்கப்படவில்லை. அவருடைய செல்லப்பெயர் ‘ரஞ்சி’. நிறத்தைப் பார்த்து நம் ரஞ்சித்சிங்ஜியின் பெயரை வைத்திருந்தார்கள். விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கச் சங்கங்கள் மன்னிப்புக் கேட்டது 2010இல். நேப்பியா 1986இலேயே இறந்துவிட்டார்.

பிறகு நேப்பியா என்ன ஆனார்? ரக்பியை விட்டுவிட்டாரா?

1930இல் பிரிட்டிஷ் அணிக்கு எதிராக மறுபடி நாட்டுக்கு ஆடினார். பிறகு பொருளாதார மந்தம் வந்தது. பால்பண்ணை நடத்திக்கொண்டிருந்த அவருக்குக் கையில் காசில்லை. ரக்பியோ காசு தராது. 1935இல் லண்டனுக்குக் கப்பலேறி, காசு தரும் ரக்பி லீக் அணி ஒன்றில் சேர்ந்தார். அமெச்சூர் சங்கத்தின் கதவு மூடிக்கொண்டது. முன்பு சொன்ன ‘காசு கூடாது’ விதிதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீகுக்குப் போனவர்களை மன்னித்து ஏற்றபோது அவருக்கு நாற்பது கடந்துவிட்டிருந்தது. 1950இல், 45 வயதில், ஒலிம்பியன்ஸ் கிளப்பின் தலைவராக பாவர்ட்டி பே மாகாண அணிக்கு எதிராகக் களமிறங்கினார். எதிரணித் தலைவரின் பெயரும் ஜார்ஜ் நேப்பியா. அவருடைய மகன்.